எட்டாவது லேன்: புவனேஸ்வரப் பயணக் குறிப்புகள்

14 ஜூன் 2023, புதன்: சில்கா ஓரமாக

விடிவதற்கு முன்பே புவனேஸ்வரத்தில் இறங்கியிருக்க வேண்டிய எங்கள் ரயில், காலை எட்டு மணிக்கு இன்னும் சில்கா ஏரியை ஒட்டி ஊர்ந்துகொண்டிருந்தது. பாலசோர் அருகே பகநாகாவில் அந்தக் கொடிய ரயில் விபத்து நடந்து பன்னிரண்டு நாள்களே ஆகியிருந்தன. ரயில் நின்ற ஒவ்வொரு முறையும் பெட்டியில் பேச்சு அடங்கியது. மறுபடி நகர்ந்த பிறகுதான் தொடர்ந்தது. தாமதத்தைப் பற்றி யாரும் குரல் உயர்த்தவில்லை. அந்தத் தாமதத்தின் புண்ணியத்தில், இருட்டில் கடந்திருக்க வேண்டிய சில்காவைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தோம். ஒரு பக்கம் குன்றுகள், மறுபக்கம் கரை தெரியாத தண்ணீர், நடுவில் அசையாமல் நிற்கும் சிறு படகுகள்.

உடற்கல்வி ஆசிரியையாக இருந்து சென்ற மாதம்தான் பணி ஓய்வு பெற்றேன். எட்டாம் வகுப்பில் நான் களத்தில் இறக்கிய ஒரு பிள்ளை, இந்த ஆண்டு தமிழ்நாட்டு அணியில் 400 மீட்டர் ஓடுகிறாள். ஜூன் 15 முதல் 19 வரை கலிங்கா மைதானத்தில் மாநிலங்களுக்கு இடையிலான தேசிய சீனியர் தடகளப் போட்டி. ஹாங்சோ ஆசிய விளையாட்டுக்கு ஆள் எடுக்கும் கடைசிப் போட்டி இது என்பதால், நாட்டின் பெரிய பெயர்கள் பலவும் வருகின்றன. பிள்ளை அணியோடு முன்னரே போய்விட்டாள். நான் அவளுடைய அம்மாவை அழைத்துக்கொண்டு பின்னால் போகிறேன். அந்த அம்மா எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகிறவர். மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி எல்லாம் வேலை நாளில் வந்ததால், மகள் ஓடி அவர் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. இந்த முறை பார்த்துவிட வேண்டும் என்று நான்தான் பிடிவாதமாக அழைத்தேன்.

எதிர் இருக்கையில் திருப்பூரில் பனியன் கம்பெனியில் எட்டு வருடமாகத் தைக்கும் ஓர் ஒடியா இளைஞர் இருந்தார். தமிழ் சரளமாகப் பேசினார். ரஜ பண்டிகைக்காக ஊருக்குப் போவதாகச் சொன்னார். "இந்த மூணு நாளும் பூமித்தாய்க்கு மாதவிலக்குக்கா. ஏர் பூட்ட மாட்டாங்க, மண்ணைத் தோண்ட மாட்டாங்க. பொம்பளப் பிள்ளைங்க வீட்டு வேலை செய்யக் கூடாது, ஊஞ்சல் ஆடிக்கிட்டே இருக்கணும்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலைத் தாழ்த்தவும் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. முப்பது வருடம் பெண் பிள்ளைகளைப் பயிற்றுவித்தவள் நான். "டீச்சர், இன்னிக்கு வயித்து வலி" என்று சுவரைப் பார்த்துச் சொன்ன பிள்ளைகள் எத்தனை பேர் என்று எனக்குத்தான் தெரியும். அந்த அம்மா சிறிது யோசித்துவிட்டு, "ஆடிப் பெருக்குக்கு நாங்க காவேரி மசக்கையா இருக்கான்னு சித்திரான்னம் படைக்கிறோம்ல, அது மாதிரிதானே தம்பி" என்றார். தம்பிக்கு மசக்கை என்ற சொல் புரியவில்லை. விளக்கியதும் சிரித்துத் தலையாட்டினார்.

மதியம் விடுதிக்குப் போனபோது, தொலைபேசியில் உறுதி செய்திருந்த அறையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தார்கள். 20ஆம் தேதி பூரி ரத யாத்திரை. ஊரே யாத்திரீகர்களால் நிறைந்திருக்கிறது. வெயிலில் இன்னும் மூன்று இடங்களில் ஏறி இறங்கிய பிறகு, ரயிலில் எண் கொடுத்திருந்த திருப்பூர்த் தம்பியைத் தயக்கத்தோடு அழைத்தேன். அரை மணி நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். பழைய நகரத்தில், லிங்கராஜர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில், அவருடைய உறவினர் வீட்டு மாடி அறை ஒரு நாளைக்கு 600 ரூபாய்க்குக் கிடைத்தது. வீட்டுக்கார அம்மாவை எல்லோரும் மாவுசி, அதாவது சித்தி, என்கிறார்கள். நாங்களும் அப்படியே கூப்பிடத் தொடங்கினோம்.

15 ஜூன், வியாழன்: அறுபது விநாடிக்கும் குறைவாக

காலையில் மாவுசி வாழையிலையில் வைத்து போட பிட்டா கொடுத்தார். அரிசி மாவு, வெல்லம், தேங்காய் எல்லாம் சேர்த்து, இரவெல்லாம் தணலில் வைத்துச் சுட்டெடுக்கும் பண்டம். மேல் தோல் கருகி, உள்ளே ஈரமாக, ஏலக்காய் மணத்தோடு இருந்தது. எதிர்வீட்டு வேப்ப மரத்தில் கயிற்று ஊஞ்சல் கட்டிப் புதுப் பாவாடை போட்ட பெண் குழந்தைகள் ஆடினார்கள். அவர்கள் பாதங்களில் செந்நிற அல்தா பூசியிருந்தார்கள். செய்தித்தாளில் மாநிலம் முழுவதும் வெப்ப அலை எச்சரிக்கை என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள்.

கலிங்கா மைதானத்தின் ஓடுபாதை நீல நிறம். செம்மண் நிறத்தையே பார்த்துப் பழகிய என் கண்களுக்கு அது புதிதாக இருந்தது. அந்த அம்மாவோ, "தண்ணி நிக்கிற மாதிரியே இருக்கு" என்றார். 2017 ஜூலையில் இங்கேதான் ஆசிய தடகளப் போட்டி நடந்தது. எங்கள் மாவட்டத்து லட்சுமணன் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்ற பாதை இது. அப்போது பள்ளி ஆசிரியர் அறையில் செய்தித்தாளை விரித்து வைத்துப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். அந்தக் கூட்டத்தில் இவளும் நின்றிருந்தாள்.

எங்கள் பிள்ளைக்கு முதல் சுற்றில் எட்டாவது லேன் விழுந்திருந்தது. 400 மீட்டர் ஓடியவர்களுக்கு அதன் கனம் தெரியும். வளைவைச் சரிக்கட்டுவதற்காக ஒவ்வொரு லேனும் முன்னால் தள்ளித் தொடங்கும். எட்டாவது லேனில் நிற்பவள், முதல் லேனில் நிற்பவளைவிட 53 மீட்டர் முன்னால் நிற்பாள். பார்ப்பதற்கு அனுகூலம் போலத் தோன்றும். ஆனால் அவளுக்கு முன்னால் ஒரு முதுகும் தெரியாது. ஏழு பேர் பின்னால் எங்கே வருகிறார்கள் என்பதைக் காதால் மட்டுமே அறிய முடியும். யாரைத் துரத்துவது என்று தெரியாமல், தன் மூச்சை மட்டும் நம்பி முதல் முந்நூறு மீட்டரையும் ஓட வேண்டும்.

இதையெல்லாம் நான் அந்த அம்மாவிடம் முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முப்பது வருடமாக எனக்குப் பழகிப்போன ஒன்று பிறருக்குத் தெரியாமல் இருக்கும் என்பதே நினைவுக்கு வரவில்லை.

வீராங்கனைகள் பிளாக்கில் காலைப் பொருத்திச் சரிபார்த்தபோதே அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "டீச்சரம்மா, நம்ம பிள்ளை எல்லாருக்கும் முன்னாடி நிக்குது." துப்பாக்கி வெடித்தது. முதல் வளைவில் பிள்ளை முன்னால். எதிர்ப்பக்க நேர்பாதையிலும், பார்க்கும் கண்ணுக்கு, இன்னும் முன்னால். அந்த அம்மா எழுந்து நின்றுவிட்டார். வாய்விட்டுக் கத்தவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உடம்பு முழுவதும் நடுங்க நின்றார். கடைசி வளைவு வந்ததும், அந்த 53 மீட்டர் ஒவ்வொரு அடியாகக் கரைந்து, உள் லேன்களில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பிள்ளையின் தோளுக்கு வந்தார்கள், கடந்தார்கள். கடைசி நூறு மீட்டரில் அவள் கழுத்து விறைத்துக் கைகள் மேலேறிவிட்டன. ஆறாவதாக வந்தாள். 56.81 விநாடி. அடுத்த சுற்று இல்லை.

"ஏன் டீச்சரம்மா, காலுல எதுவும் பட்டுடுச்சா? முன்னாடி போய்க்கிட்டுத்தானே இருந்துச்சு?"

அந்தக் கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. மகளின் ஓட்டத்தை வாழ்நாளில் முதல் முறை பார்க்க வந்தவர், நடக்காத ஒரு வெற்றியையும் நடக்காத ஒரு தோல்வியையும் பார்த்துவிட்டார். அவருடைய கண்ணில் பிள்ளை முன்னணியைப் பறிகொடுத்தவளாகிவிட்டாள். உண்மையில் அவள் தன் சொந்தச் சிறந்த நேரத்துக்கு அரை விநாடி நெருக்கத்தில், அந்த வெயிலில், யாரும் கண்ணுக்குத் தெரியாத லேனில் நன்றாகவே ஓடியிருந்தாள்.

வெளியே வந்த பிள்ளையின் முகத்தில் உப்புப் படிந்திருந்தது. அம்மாவைப் பார்த்ததும், "வெயில்ல ஏம்மா நின்ன?" என்றாள். அவர் பதிலுக்கு அவளுடைய முழங்காலைக் குனிந்து தொட்டுப் பார்த்தார்.

16 ஜூன், வெள்ளி: பகாளமும் வட்டக் கிணறும்

இன்று காலை மைதானத்துக்கு வெளியே வடையும் குகுனியும் சாப்பிட்டோம். தட்டு 30 ரூபாய். உளுந்து வடை நம்முடையதைவிடச் சிறியது. அதன் மேல் வெள்ளைப் பட்டாணிக் குழம்பை ஊற்றி, பச்சை வெங்காயம் தூவித் தருகிறார்கள். கடைக்காரர் எங்கள் மொழி புரியாமலே மூன்றாவது முறையும் குழம்பு ஊற்றினார்; அதற்குக் காசு வாங்கவில்லை.

பதினொரு மணிக்கு அந்த அம்மாவுக்குத் தலை சுற்றியது. நேற்றிலிருந்தே அவர் சரியாகச் சாப்பிடவில்லை. காலரிப் படியில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்த ஒடியா பெண்மணி ஒருவர், யாருடைய தாயோ, தன் பையிலிருந்த தண்ணீரில் துப்பட்டாவை நனைத்து அவருடைய பிடரியில் வைத்தார். வேறொரு மாநில அணியின் இளைஞர் ஓடிப்போய் உப்புச் சர்க்கரைக் கரைசல் வாங்கிவந்தார். அவருக்கு அன்று மாலை ஓட்டம் இருந்தது. அந்த வெயிலில் நூறு மீட்டரை எங்களுக்காகச் செலவழித்தார். பணம் கொடுத்தபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விலகிவிட்டார்.

ஆட்டோவில் 120 ரூபாய் கொடுத்து வீடு வந்தோம். மாவுசி ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பெரிய வெண்கலக் கிண்ணத்தில் பகாளம் கொண்டுவந்து வைத்தார். முதல் நாள் சோற்றில் நீர் ஊற்றிப் புளிக்க வைத்து, தயிர் கலந்து, கறிவேப்பிலை தாளித்தது. தொட்டுக்கொள்ள நொறுக்கிய உளுந்து வடகம், பச்சை மிளகாய், வதக்கிய கீரை. அந்த அம்மா முதல் வாயிலேயே நிமிர்ந்து பார்த்தார். "நம்ம பழைய சோறு." இரண்டாவது கிண்ணமும் சாப்பிட்டார். மாவுசி ஒடியாவிலும் இவர் தமிழிலும் சோறு புளிக்க வைப்பதைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார்கள். இருவருக்கும் எல்லாம் புரிந்தது.

மாலையில் பிள்ளை வந்தாள். அம்மா எதையோ கேட்கத் தயங்குவது தெரிந்ததால், நானே ஒரு பழைய செய்தித்தாளை விரித்து, ஓடுபாதையை வரைந்து, லேன்கள் ஏன் படிப்படியாகத் தள்ளித் தொடங்குகின்றன என்று விளக்க ஆரம்பித்தேன். ஒரு லேனின் அகலம் 1.22 மீட்டர், வெளியே போகப் போகச் சுற்றளவு கூடும் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் என்னை இடைமறித்தார்.

"வட்டக் கிணறு கட்டுறப்போ உள்வரிசைக்குக் கல்லு கம்மியா பிடிக்கும், வெளிவரிசைக்குக் கூடப் பிடிக்கும். அதுதானே?"

அதுதான். அதற்கு மேல் நான் விளக்க ஒன்றும் இல்லை. அவர் பென்சிலை என் கையிலிருந்து வாங்கி, எட்டாவது கோட்டின் தொடக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார். பிறகு விரலால் அந்தப் பாதை முழுவதையும் மெதுவாகச் சுற்றிவந்தார். "அப்போ முன்னாடியும் போகல, பின்னாடியும் வரல. எல்லாருக்கும் ஒரே தூரம்தான்." பிள்ளை அவருடைய தோளில் தலை சாய்த்துக்கொண்டாள். "ஆமாம்மா. ஆனா எனக்குக் கடைசி வரைக்கும் யாருமே தெரிய மாட்டாங்க." அவர் அதைக் கேட்டு நெடுநேரம் அந்தப் புள்ளியையே பார்த்திருந்தார்.

17 ஜூன், சனி: அம்மிக் குளியல்

ரஜவின் முடிவு நாள். பூமித்தாய் இன்று தலைக்குக் குளிக்கிறாளாம். மாவுசி அம்மிக் கல்லைக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பூச் சாற்றினார். அந்தக் கல்தான் இன்று பூமி. எங்கள் பிள்ளையையும் பக்கத்தில் நிற்கச் சொல்லி, அவளுக்கும் மஞ்சள் கொடுத்தார். ஊஞ்சல்களை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெயில் ஏறுவதற்குள் உதயகிரிக் குகைகளுக்குப் போய் வந்தோம். நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 25 ரூபாய். ஹாத்திகும்பா குகையில் கலிங்க மன்னன் காரவேலனின் பிராகிருதக் கல்வெட்டு பாறை நெற்றியில் இருக்கிறது. எழுத்துகள் பெரும்பாலும் தேய்ந்துவிட்டன. தமிழ் அரசர்களின் கூட்டணியை அவன் உடைத்ததாக அதில் ஒரு வரி உண்டு. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அந்த வரியை, எங்கே இருக்கிறது என்று தெரியாமலே, மூவரும் கழுத்து வலிக்க அண்ணாந்து தேடினோம். குரங்கு ஒன்று எங்கள் வாழைப்பழங்களைப் பையோடு கொண்டுபோனது. திரும்பும் வழியில் தஹி பரா ஆலு தம் சாப்பிட்டோம்: மோரில் ஊறிய வடைகளின் மேல் காரமான உருளைக்கிழங்கும் பட்டாணிக் குழம்பும். 40 ரூபாய்க்கு மதிய உணவே ஆகிவிட்டது.

மாலையில் மைதானத்தில், ஓட்டம் ஒன்று தொடங்கும் முன்பு, அந்த அம்மா தாமாகவே எட்டாவது லேனில் நின்ற பெண்ணைக் காட்டி, "இந்தப் பிள்ளை பாவம்" என்றார். எந்த மாநிலத்துப் பிள்ளை என்று எங்களுக்குத் தெரியாது. கடைசி வரை அவளைத்தான் பார்த்தார்.

18 ஜூன், ஞாயிறு: மூன்று நூல்

இன்று நீளம் தாண்டுதலின் தகுதிச் சுற்று. தகுதிச் சுற்றுக்கு யாரும் பெரிய எதிர்பார்ப்போடு வருவதில்லை. தேர்ச்சிக்குத் தேவையான அளவு தாண்டிவிட்டு, காலைக் காப்பாற்றிக்கொண்டு இறுதிச் சுற்றுக்குப் போவதுதான் வழக்கம். நாங்கள் மணற்குழிக்கு நேராக இடம் பிடித்தது நிழலுக்காகத்தான்.

கேரளத்தின் முரளி ஸ்ரீசங்கர் ஒன்பது நாள்களுக்கு முன்புதான் பாரிஸ் டயமண்ட் லீக்கில் 8.09 மீட்டர் தாண்டி மூன்றாமிடம் பெற்றிருந்தார். நம் மாநிலத்து ஜெஸ்வின் ஆல்ட்ரின், தூத்துக்குடி மாவட்டத்து முதலூர்க்காரர், மார்ச் மாதம் பெல்லாரியில் 8.42 மீட்டர் தாண்டித் தேசியச் சாதனையைத் தன் பெயரில் வைத்திருக்கிறார். இந்த இருவரையும் ஒரே குழியில் பார்ப்பது எனக்குக் கிடைத்த பேறு. பிள்ளையும் நானும் மாறி மாறி அந்த அம்மாவுக்கு ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டிருந்தோம்; முதல் நாள் செய்த தவற்றை மறுபடி செய்ய எனக்கு மனமில்லை. குதிக்கும் பலகை 20 செ.மீ. அகலம். அதன் முன் விளிம்பைக் கால் நுனி கடந்தால் சிவப்புக் கொடி, தாண்டியது கணக்கில் வராது. பலகைக்கு இந்தப் பக்கம் எவ்வளவு இடம் மிச்சம் விட்டாலும் அது தாண்டியவருக்குத்தான் நஷ்டம், ஏனென்றால் அளவு விளிம்பிலிருந்துதான் தொடங்கும். காற்று பின்னாலிருந்து விநாடிக்கு 2 மீட்டருக்கு மேல் தள்ளினால் சாதனையாக ஏற்கமாட்டார்கள்.

ஸ்ரீசங்கர் ஓடிவந்தபோது பலகையில் விழுந்த அடியின் ஓசை எங்களுக்குக் கேட்டது. மேலெழுந்தவர் இறங்கவே இல்லை போல இருந்தது. மணல் சிதறியபோது நடுவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வெள்ளைக் கொடி. அறிவிப்புப் பலகையில் எண் வந்தது: 8.41.

உலகச் சாம்பியன்ஷிப்புக்கு வேண்டிய தகுதி 8.25. அதை ஒரு தகுதிச் சுற்றில், ஆளில்லாத இருக்கைகளுக்கு முன்னால், 16 செ.மீ. மிச்சத்தோடு தாண்டிவிட்டார்; ஆகஸ்டில் புடாபெஸ்ட் போகிறார். தேசியச் சாதனைக்குக் குறைந்தது ஒரே ஒரு சென்டிமீட்டர். நான் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தபோது, அந்த அம்மா, "ஒரு சென்டிமீட்டர்னா மூணு நூல்" என்றார். கொத்தனார்கள் சுவரின் சாய்வைப் பார்க்கும் கணக்கு அது. "மூணு நூல் கூடிப்போனாலே மேஸ்திரி பிரிச்சுக் கட்டச் சொல்லுவாரு. அதுக்காகத்தான் இந்தத் தம்பி இவ்வளவு தூரம் ஓடிவருதா?"

ஸ்ரீசங்கரின் தந்தை முரளி மும்முறைத் தாண்டுதல் வீரராக இருந்தவர், மகனுக்குப் பயிற்சியாளரும் அவர்தான், தாய் பிஜிமோல் 800 மீட்டர் ஓடியவர் என்று பிள்ளை சொன்னாள். அந்த அம்மா சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்பன் ஆத்தா ரெண்டு பேரும் ஓடினவங்க. அப்போ வீட்டுக்கு வந்தா பேச ஆளு இருக்கு" என்றார். பிள்ளை குனிந்து தன் பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள். பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து இவள் ஓட்டத்தைப் பற்றி என்னிடம் மட்டுமே பேசியதன் காரணம், அந்த நேரத்தில் எனக்கு உறைத்தது. வீட்டில் இவள் சொல்லாமல் இருந்ததல்ல; சொன்னால் எதைக் கேட்பது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

இரவு லிங்கராஜர் கோயிலுக்குப் போனோம். அந்த அம்மாவின் செருப்பு காணாமல் போனது. மாவுசி தன்னுடைய ஒரு ஜோடியைக் கொடுத்தார். திருப்பிக் கொடுக்க விடவில்லை.

19 ஜூன், திங்கள்: இரும்புக் குண்டு

கடைசி நாள். நீளம் தாண்டுதல் இறுதியில் ஸ்ரீசங்கருக்குத் தங்கம், ஜெஸ்வினுக்கு வெள்ளி. ஆனால் நேற்றைய 8.41 இன்று வரவில்லை. அப்படித்தான் ஆகும் என்று பிள்ளை காலையிலேயே சொன்னாள்.

இன்றைய நாள் பஞ்சாபின் தஜிந்தர்பால் சிங் தூருக்கு உரியது. குண்டின் எடை 7.26 கிலோ. வட்டத்துக்குள் நுழையும்போது அவர் குண்டைத் தூக்கிக் கழுத்தோடு அணைத்த விதம், கைக்குழந்தையின் தலையைத் தாங்குவதுபோல அவ்வளவு பத்திரமாக இருந்தது. அடுத்த கணம் அந்தப் பெரிய உடம்பு திரும்பி, ஓர் உறுமலோடு குண்டை விட்டது. 21.77 மீட்டர். 2021இல் பாட்டியாலாவில் அவரே வைத்த 21.49 என்ற ஆசியச் சாதனை, ஏறத்தாழ ஓர் அடி வித்தியாசத்தில் போய்விட்டது. அதுவரை ஆசியாவில் வேறு எவரும் இந்தக் குண்டை அவ்வளவு தூரம் எறிந்திருக்கவில்லை. குண்டு விழுந்த இடத்தில் புல்தரையில் ஒரு குழி. போட்டி முடிந்த பிறகு, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று அதை நெடுநேரம் பார்த்தோம். கையில் குறிப்பேடு வைத்திருந்த வயதான நடுவர் ஒருவர் எங்களைக் கண்டு, அளவெடுத்த இடத்தைக் கையால் சுட்டிக் காட்டினார். ஐந்து நாளும் அந்த வெயிலில் கோட்டும் தொப்பியுமாக நின்றவர்கள் இவர்கள். வீரர்களுக்குக் கைதட்டிய நாங்கள் அவர்களுக்கு ஒரு முறையும் தட்டவில்லை என்பது அப்போதுதான் மனத்தில் பட்டது; பிள்ளை இரு கையும் கூப்பி வணக்கம் சொன்னாள்.

பிள்ளையின் ஓட்டக் காலணியான ஸ்பைக்ஸை இன்று அந்த அம்மா கையில் எடுத்துப் பார்த்தார். அடியில் ஒன்பது மில்லிமீட்டர் ஆணிகள். இரண்டு முனை மழுங்கியிருந்தன. "மூணு நூல் இல்ல, இது அதுக்கும் கொஞ்சம் கம்மி" என்று விரலால் அளந்தார். மழுங்கியவற்றை மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்டார். இதுவரை அவர் கேட்ட முதல் விலை அது.

20 ஜூன், செவ்வாய்: திரும்பும் ரயிலில்

குர்தா ரோடு நிலையத்தில் பூரிக்குப் போகும் கூட்டம் நடைமேடையை மறைத்திருந்தது. இன்று ரத யாத்திரை. ஜகந்நாதரை இவ்வளவு அருகில் வந்தும் பார்க்காமல் போகிறோமே என்று அந்த அம்மாவுக்குக் குறை இருந்தது. ஆனால் நாளை மறுநாள் அவருக்குக் கான்கிரீட் வேலை. மாவுசி கட்டிக்கொடுத்த போட பிட்டாவைப் பிரித்தோம். நான்கு நாள் ஆகியும் கெட்டுப்போகவில்லை.

விசாகப்பட்டினத்தில் செங்கல்பட்டுக்குப் போகும் ஒரு தமிழ்க் குடும்பம் ஏறியது. மேல் படுக்கையில் படுத்திருந்த பிள்ளையின் அணிச் சட்டையைப் பார்த்து, "என்ன பிரைஸ் வாங்குச்சு பாப்பா?" என்று அந்த வீட்டுப் பெண்மணி கேட்டார். வழக்கமாக அந்தக் கேள்விக்கு நான்தான் முந்திக்கொண்டு பதில் சொல்வேன். இன்று வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா தொடங்கிவிட்டார். இருக்கையில் விரித்திருந்த துண்டின் மேல் விரலால் வட்டம் வட்டமாகக் கோடு இழுத்தார்.

"இது உள்வரிசை, இது வெளிவரிசை. கிணறு மாதிரி. எங்க பிள்ளை இந்தா இங்க, எட்டாவதுல நின்னுச்சு. பாக்குறவங்களுக்கு முன்னாடி நிக்கிற மாதிரி இருக்கும், ஆனா முன்னாடி இல்ல. அந்த இடத்துல நிக்கிற பிள்ளைக்கு ஒரு ஆளு கண்ணுக்குத் தெரியாது. பின்னாடி ஏழு பேரு வாராங்க, சத்தம் மட்டும்தான். அப்படியே ஓடணும். அப்படி ஓடி 56 விநாடி."

மேல் படுக்கையில் பிள்ளை காதிலிருந்த ஒயரைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.